யார் கொடுத்த மூளை?

வட்டக்கோட்டை என்று பெயர் இருக்கிறதே தவிர, அந்தக் கோட்டை வட்டமாக இல்லை. அஞ்சுகிராமம் வழியாக வந்து முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். சதுரப் பாங்கில் கருங்கல் மதில் எழுப்பி, ஒரு பக்கத்தைக் கடலோடு கொண்டுபோய் முட்டவிட்டிருக்கிறார்கள். நானும் என் தம்பியும் சின்ன வயசில் அந்த மதில்மேல் எத்தனையோ தடவை ஓடியிருக்கிறோம். வட்டம் எங்கே இருக்கிறது என்று நாங்கள் தேடினதில்லை. ஒரு பெயரை வைத்துவிட்டால் அப்புறம் யாரும் நூல் பிடித்து அளந்து பார்ப்பதில்லை.

சென்ற தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது தம்பி என்னை அங்கே அழைத்துக்கொண்டு போனான். அவன் புத்தளம் பக்கத்தில் உப்பளத்தில் வேலை செய்கிறவன். மழைத் தண்ணீர் இன்னும் வடியாமல், பாத்தி கட்ட ஆரம்பிக்காத சமயம் அது. வருஷத்தில் அவனுக்குக் கை ஒழிகிற நாட்கள் அவைதாம். மதில்மேல் உட்கார்ந்து வெகு நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக விஷயத்துக்கு வந்தான்.

அவன் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் தேறவில்லை. ‘இந்தப் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

“பரீட்சை முடிஞ்சதும் அண்டி ஆபீசுக்கு அனுப்பிரலாம்னு இருக்கேன் அண்ணே. அவ அம்மையும் அங்கதானே போறா. என்னத்துக்கு வீணா ரெண்டு வருசம்?”

“ஏன், இன்னும் பரீட்சையே வரவில்லையே?” என்றேன்.

“வந்தா மட்டும்? நம்ம வீட்டிலே படிப்பு மூளை உங்களுக்கு வந்துது. எனக்கு வரல்லை. எனக்குப் பிறந்தது எனக்குத் தக்கனதானே இருக்கும்?”

அவன் இதை வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் பாத்தி கரையும் என்று சொல்வது போலச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அதுவல்ல. முதலில் எனக்கு ஏற்பட்டது ஒரு சின்ன சந்தோஷம். வீட்டில் மூளை எனக்குத்தான் என்பதை இன்னொரு தரம் காதாரக் கேட்ட சந்தோஷம். அது போன பிறகுதான் மற்றது வந்தது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். எனக்கும் தம்பிக்கும் ஒன்றரை வயசு வித்தியாசம். நாகர்கோவிலில் இருந்த என் மாமா, பையன்களில் ஒருவனைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைப்பதாகச் சொன்னார். ஒருவன்தான், இரண்டு பேருக்கு அவரிடம் வசதி இல்லை. நான் போனேன். மாமா வீட்டில் மின்விளக்கு இருந்தது, பத்திரிகை வந்தது, பக்கத்துத் தெருவில் வாசகசாலை இருந்தது. தம்பி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் போய்விட்டு, அப்பாவோடு அளத்துக்குப் போனான். நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து, மேலே படிக்கப் பணமில்லாமல் வெளியே வந்து, கதை எழுதிப் பேர் வாங்கினேன். இதற்கு எங்கள் வீட்டில் சொல்லப்படும் காரணம் ஒன்றே ஒன்று: பெரியவனுக்கு மூளை இருந்தது.

சின்ன வயசில் தம்பி என்னை ‘நீ’ என்றுதான் பேசுவான். நான் நாகர்கோவில் போய் முதல் லீவுக்குத் திரும்பினபோது ‘நீங்க’ என்றான். யார் சொல்லி மாற்றிக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது.

மூளை என்பது பரம்பரையாக வருகிறதா, வளர்கிற இடம் கொடுக்கிறதா என்ற சர்ச்சை பழையது. டார்வினின் உறவினரான கால்ட்டன் என்ற ஆங்கிலேயர் 1869-ல் ஒரு புத்தகம் எழுதினார். பெரிய மனிதர்களின் குடும்பத்தில்தான் மேலும் பெரிய மனிதர்கள் பிறக்கிறார்கள். ஆகவே மேதை என்பது இரத்தத்தில் வருவது என்பது அவர் கட்சி. கால்ட்டன் நம்முடைய ஊர்க் குடும்பம் ஒன்றை அறிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்! சர் சி. வி. ராமன் 1930-ல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் 1983-ல் பெற்றார். ஒரே குடும்பத்தில் இரண்டு நோபல் பரிசு என்றால் இரத்தத்தைத் தவிர வேறு எதைச் சொல்வது?

ஆனால் அந்த வீட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ராமனின் தகப்பனார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். வீட்டிலேயே புத்தகங்கள். சந்திரசேகருக்குப் பன்னிரண்டு வயசு வரைக்கும் வீட்டிலேயே பாடம். அவருடைய தாயார் இப்ஸனின் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். இரத்தம் எந்த வாசல் வழியாக வந்ததோ, புத்தகமும் அதே வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறது. இரண்டில் எது கொடுத்தது என்று எப்படிப் பிரிப்பது?

மறு கட்சிக்காரர்களும் அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டியதில்லை. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளையின் வீட்டில் ராமானுஜன் வளர்ந்தார். அதே வீட்டில், அதே தாயின் கையால் சாப்பிட்டு வளர்ந்த தம்பிமாரும் அவருக்கு உண்டு. அவர்களில் யாரும் இன்னொரு ராமானுஜன் ஆகவில்லை. சூழ்நிலைதான் சகலமும் என்றால் கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெரு முழுவதும் கணித மேதைகளாக நிரம்பியிருக்க வேண்டும்.

விஞ்ஞானிகள் இதைப் பிரித்துப் பார்க்க இரட்டைப் பிள்ளைகளைப் பிடித்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் குழந்தையிலேயே வெவ்வேறு வீட்டில் வளர்ந்திருந்தால், அவர்களைத் தேடிச் சோதித்தார்கள். 1979 முதல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இந்த வேலை பெரிய அளவில் நடந்தது. தனித்தனியே வளர்ந்தும் அவர்களுடைய புத்திக் கணக்கு ஆச்சரியப்படும்படி ஒத்திருந்தது. இன்னும் ஒரு வேடிக்கை: பரம்பரையின் பங்கு குழந்தைப் பருவத்தில் குறைவாகவும், வயசு ஏற ஏற அதிகமாகவும் தெரிகிறது. பெரியவர்களிடையே உள்ள வித்தியாசத்தில் பாதிக்கு மேல் பரம்பரை என்று கணக்குச் சொல்கிறார்கள். சரி, அப்படியானால் மூளைக்கு ஒரு மரபணு உண்டா? இல்லை. 11 லட்சம் பேரை வைத்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், படிப்போடு தொடர்புள்ள இடங்களாக மரபணுத் தொகுதியில் ஆயிரத்துக்கு மேல் கண்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. எல்லாவற்றையும் கூட்டினாலும், ஒருவர் எத்தனை வருஷம் படிக்கிறார் என்பதிலுள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கு சொச்சத்தைத்தான் அவற்றால் சொல்ல முடிந்தது.

இந்த ‘பாதிக்கு மேல்’ என்ற கணக்கில்தான் நம்மைப் போன்றவர்கள் தவறி விழுகிறோம். என் மூளையில் பாதி என் அப்பா கொடுத்தது, மீதி மாமா வீட்டு வாசகசாலை கொடுத்தது என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு கூட்டத்தில் ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றின பேச்சு அது. தனி ஆளைப் பற்றியதல்ல. லெவாண்டின் என்ற அமெரிக்க மரபியல் அறிஞர் 1970-ல் இதற்கு ஒரு விதை உதாரணம் சொன்னார். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு அதை நெல்லில் சொன்னால்தான் விளங்கும்.

ஒரே கோட்டை விதைநெல்லை இரண்டு வீதம் போடுகிறோம். ஒரு பங்கைத் தேரூர்ப் பக்கத்தில் குளத்துப் பாசனமுள்ள வயலில் விதைக்கிறோம். மற்றொரு பங்கைக் கடலோரத்து உவர் நிலத்தில். கும்பப்பூ அறுப்புக்கு முன் போய்ப் பார்க்கிறோம். தேரூர் வயலுக்குள் ஒரு பயிர் உயரம், ஒரு பயிர் குட்டை. வரப்புக்கு வரப்பு ஒரே எரு, ஒரே தண்ணீர். ஆகவே அந்த வித்தியாசம் விதையினுடையதுதான். உவர் நிலத்துக்குள்ளும் அப்படியே. ஆனால் தேரூர் வயலுக்கும் உவர் நிலத்துக்கும் நடுவிலே உள்ள வித்தியாசம்? அது முழுக்க மண்ணினுடையது. விதை ஒரே கோட்டை. இதைப் பார்க்காமல் ‘உவர் நிலத்து நெல்லுக்கே பரம்பரை போதாது’ என்று ஒரு விவசாயி சொன்னால் அவனை ஊரில் என்ன சொல்வார்கள்? மனிதர்களைப் பற்றி அதையே சொன்னவர்களுக்குப் பெரிய பெரிய உத்தியோகமெல்லாம் கிடைத்திருக்கிறது.

டர்க்ஹைமர் என்பவரும் அவர் நண்பர்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நான் பல தடவை நினைத்துக்கொள்வதுண்டு. அமெரிக்காவில் ஏழு வயசு இரட்டையர்களைப் பார்த்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளிடையே புத்தி வித்தியாசத்துக்குப் பெரும் காரணம் பரம்பரை. ஏழை வீடுகளில் பரம்பரையின் பங்கு ஏறக்குறையப் பூஜ்யம். வீட்டுச் சூழ்நிலையே பெரும் பங்கு. விதைக்குள் என்ன இருந்தது என்று காட்டுவதற்கே மண் இடம் கொடுக்கவில்லை. பின்னால் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பார்த்தபோது இந்த வித்தியாசம் இப்படித் தெரியவில்லை. அந்த நாடுகளில் ஏழைக்கும் ஓரளவு ஒரே மாதிரிப் பள்ளிக்கூடமும் வைத்தியமும் கிடைப்பது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் விஷயம் இன்னும் பலமாகிறது. பரம்பரை எவ்வளவு பேசும் என்பதைக்கூட ஓரளவு சர்க்கார் தீர்மானிக்கிறது!

இதில் உப்புக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் தம்பிக்குத் தெரியாது. எனக்கும் வெகு நாள் தெரியாது. அயோடின் என்ற பொருள் உடம்பில் குறைந்தால் கழுத்தில் கழலை வரும். தாய் வயிற்றில் இருக்கும்போதே குறைந்தால் குழந்தையின் மூளை சரியாக வளராது. ஆயுசு முழுவதற்கும் ஒருவருக்கு வேண்டியது ஒரு தேக்கரண்டிகூட இல்லை. இமயமலை அடிவாரத்து மண்ணில் அது மிகவும் குறைவு. 1956-ல் டாக்டர் ராமலிங்கசாமியும் மற்றவர்களும் காங்க்ரா பள்ளத்தாக்கை மூன்று வட்டாரமாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் கலந்த உப்பையும் ஒன்றுக்குச் சாதா உப்பையும் கொடுத்தார்கள். ஆறு வருஷத்தில் அந்த இரண்டு வட்டாரங்களிலும் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் தேசம் முழுவதற்கும் திட்டம் வந்தது. அயோடின் போதாத ஊர்களுக்கும் போதுமான ஊர்களுக்கும் புத்திக் கணக்கில் சராசரி 13 புள்ளிக்கு மேல் வித்தியாசம் என்று 1994-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள்.

கடல் தண்ணீரிலிருந்து எடுக்கிற உப்பில் அயோடின் தானாக இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இருப்பது சொற்பம், சேர்த்தால்தான் உண்டு. 2006 முதல் நம் நாட்டில் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று சட்டம். ஆக, காங்க்ராவிலே ஒரு தலைமுறைப் பிள்ளைகளை நாம் ‘மந்தம்’ என்று பெயர் வைத்துவிட்டுப் போயிருப்போம். அவர்களுக்குக் குறைந்தது பாட்டன் பூட்டன் அல்ல. ஒரு சிட்டிகை உப்பு.

பரம்பரையாகவே வருகிற குறை ஒன்றைச் சொல்கிறேன். பிறவியிலேயே ஒரு மரபணு பழுதாகி, பாலிலும் பருப்பிலும் உள்ள ஒரு சத்து உடம்பில் தேங்கி மூளையைக் கெடுக்கிற வியாதி உண்டு. 1934-ல் நார்வேயில் ஃபோலிங் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். சாட்சாத் பரம்பரை வியாதி. ஆனால் 1950-களில் அதற்கு வழி பிறந்தது. பிறந்தவுடனே கண்டுபிடித்து அந்தச் சத்தைக் குறைத்துச் சாப்பாடு கொடுத்தால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போல வளரும். மரபணு அதேதான். மாறியது தட்டில் இருந்த உணவு.

நம் மாவட்டத்தைவிடப் பெரிய அத்தாட்சி வேறு எதற்கு? மயிலாடி வட்டக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் நடை தூரம். சுமார் இருநூறு வருஷத்துக்கு முன்னால், 1809 வாக்கில், ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் அங்கே பள்ளிக்கூடம் வைத்தார். அந்தக் காலத்தில் இந்தச் சீமையில் பெரும்பாலான சாதிக்காரர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத் திண்ணையில் ஏற முடியாது. ஏன் என்று கேட்டால், ‘இவர்களுக்குப் படிப்பு வராது’ என்று பதில் தயாராக இருந்தது. 2011-ஆம் வருஷத்துக் கணக்குப்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலாவது கன்னியாகுமரி மாவட்டம்; நூற்றுக்கு 91.75. இருநூறு வருஷம் என்பது ஏழெட்டுத் தலைமுறை. அதற்குள் ஒரு சீமையின் இரத்தமா மாறிவிடும்? பள்ளிக்கூடம் வந்தது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். கூட்டங்களில் பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் தம்பி விஷயத்தில் மாத்திரம் இதை நான் ஒரு நாளும் பொருத்திப் பார்த்ததில்லை. அவனுடைய சாமர்த்தியம் எனக்குத் தெரியாததல்ல. பாத்தித் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்து, “இருபத்தஞ்சு ஆயிட்டுது” என்பான். முதலாளியின் ஆள் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பார்த்தால் இருபத்தைந்து டிகிரியில் நிற்கும். அங்கேதான் உப்பு படிய ஆரம்பிக்கும். முப்பதை நெருங்க விட்டுவிட்டால் கசப்பு இறங்கிவிடும். அதற்குள் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். எந்தப் பாத்தியில் எத்தனை மூட்டை தேறும், எத்தனை பேருக்கு என்ன கூலி என்பதெல்லாம் மனக்கணக்கு. இதை நான் ‘பழக்கம்’ என்று சொல்லி வந்தேன். நான் செய்கிற காரியத்தை மட்டும் ‘மூளை’ என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். “அன்னைக்கு மாமா ஒரு பையனைக் கேட்டாரே, என்னைத்தானே புத்திசாலின்னு அனுப்பினீங்க?”

அம்மா அடுப்படியில் இருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“புத்திசாலியா? யாரு சொன்னா? உனக்கு இழுப்புல்லா மக்கா. உப்புக் காத்து பட்டா நெஞ்சு கிடந்து இரையும். அளத்திலே நிக்க மாட்டே, அங்கயாவது போய்ப் பிழைச்சுக் கிடக்கட்டும்னு அப்பா சொன்னாரு. கணக்கிலே சின்னவன்தான் கெட்டி. வாத்தியார் வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரே.”

முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் நிலவி வந்த ஒரு சரித்திரம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. அம்மாவுக்கு அது போனதே தெரியவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. நான் படித்துப் பேர் வாங்கினேன். பேர் வாங்கினவனுக்கு முதலிலேயே மூளை இருந்திருக்கத்தானே வேண்டும் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் தம்பியைத் திரும்பவும் கோட்டைக்கு அழைத்துக்கொண்டு போனேன். வீட்டில் சொல்லியிருக்கலாம், என்னால் முடியவில்லை. கீழே கறுப்பு மணல்மேல் அலை வந்து போய்க்கொண்டிருந்தது. மதிலில் செதுக்கின மீனைத் தடவிக்கொண்டே அம்மா சொன்னதைச் சொன்னேன். இடையிலே இந்த இரட்டையர், விதைநெல், உப்பு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று உத்தேசித்திருந்தேன். ஒன்றையும் சொல்லவில்லை. இழுப்பை மாத்திரம் சொன்னேன்.

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்:

“அப்போ எனக்கு இழுப்பு இருந்திருந்தா, நீ அளத்துக்குப் போயிருப்பியா?”

‘நீ’ என்றான். முப்பது வருஷத்துக்குப் பிறகு. கோபமாகவும் இல்லை, குறையாகவும் இல்லை. ஒரு கணக்கைச் சரி பார்ப்பது போலக் கேட்டான். “போயிருப்பேன்” என்றேன். அவன் தலையை ஆட்டினான். பிறகு, இந்த வருஷம் அளத்தில் தண்ணீர் வடிய மாசி ஆகிவிடும் என்று வேறு பேச்சை எடுத்தான்.

இந்தக் கோட்டையைப் பலப்படுத்திக் கட்டினவர் டிலனாய் என்பார்கள். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கூட்டத்தில் ஒருவர். தோற்றவனிடம் என்ன இருக்கப்போகிறது என்று மகாராஜா எண்ணியிருந்தால் அவர் சிறையில் கிடந்து செத்திருப்பார். ஒரு வேலையைக் கொடுத்துப் பார்த்தார். அவர் திருவிதாங்கூர்ப் படைக்கே வலிய கப்பித்தான் ஆனார். 1777-ல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடங்கியிருக்கிறார். என் தம்பிக்கு அப்படி ஒரு வேலையைக் கொடுத்துப் பார்த்தவர்கள் இல்லை. அதில் நானும் சேர்த்தி.

தம்பி மகள் இப்போது நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் இருக்கிறாள். பங்குனியில் பரீட்சை. சாயங்காலம் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் பக்கத்துத் தெருவில் ஓர் ஆசிரியை கிடைத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்புப் பின்னமே சரியாகப் பதியவில்லை, அதற்கு மேலே கட்டினதெல்லாம் ஆடுகிறது என்று அவர் சொல்கிறார். அது மூளையின் குற்றமா, அந்த வருஷம் மூன்று மாதம் ஆசிரியரே இல்லாமல் கிடந்த வகுப்பின் குற்றமா என்பதை நான் தீர்மானிக்கப் போவதில்லை. அவள் தேறுவாளா என்றும் எனக்குத் தெரியாது. தேறாவிட்டால் மறுபடியும் எழுதுவாள் என்று தம்பி சொல்லியிருக்கிறான்.

நேற்றுப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, “பெரியப்பா, எங்க அப்பா கணக்கிலே கெட்டியாமே, நெசந்தானா?” என்று கேட்டாள்.

“என்னைவிடக் கெட்டி” என்றேன்.

பென்சிலைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குனிந்து கணக்கை மறுபடியும் முதலிலிருந்து போட ஆரம்பித்தாள்.